‘கொடுத்துரு’ என்று கத்திய ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்குள் வந்து சேர்ந்தவர்கள்: எங்கள் மாடல் விமானக் கிளப்பின் தலைவரான இயற்பியல் டீச்சர், மண்டபம் ஊரிலிருந்து வரும் போட் மெக்கானிக், சவூதியின் தம்மாமிலிருந்து லீவில் வந்திருந்த காக்கா, அவருடைய மனைவி, பிறகு நான். வராதவர் ஒருவர்தான். ஆனால் அவர்தான் எங்கள் கொடிக்காரர். திருவாடானையில் அவருடைய அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்த வேண்டும். அந்த மடி கண்மாய்க்கு வர முடியாது என்று முந்தின நாளே போனில் சொல்லிவிட்டார்.

கொடிக்காரர் இல்லாமல் எங்கள் கிளப்பில் ஒரு விமானமும் ஏறாது. அது எங்கள் சட்டம். கொடி பிடிக்கிறவர் அன்றைக்கு ரிமோட்டைத் தொடக்கூடாது. வானத்தையும் தரையையும் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான் அவர் வேலை. சிவப்புக் கொடி மேலே போனால், ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் ‘சரி, கொடி’ என்று பதில் சொல்லி அதன்படி செய்ய வேண்டும். வாதம் செய்வதெல்லாம் விமானம் இறங்கிய பிறகுதான்.

“அப்ப யாரு கொடி?” என்றார் டீச்சர். மெக்கானிக் என்னைக் கை காட்டினார். “இவந்தான். இந்தச் சட்டத்தை எல்லாம் எழுதுனவனே இவந்தான. அனுபவிக்கட்டும்.”

அவர் சொன்னது உண்மைதான். கடலாடிப் பக்கம் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். ரேஷன் கார்டிலிருந்து மாத்திரை அட்டை வரைக்கும் வீட்டுக்கு வரும் எழுத்தெல்லாம் என் கைக்குத்தான் வரும். அய்யா பக்கத்தில் உட்கார்ந்து, “என்ன போட்ருக்கு, வாசி” என்பார். அப்படி வளர்ந்ததாலோ என்னவோ, எழுதியிருக்கிறது என்றால் அதை அப்படியே நம்பிவிடுகிற ஆள் நான். மாடல் விமானம் பறக்கவிடுகிற வெளிநாட்டுக் கிளப்புகளின் பாதுகாப்பு விதிகளை இணையத்தில் தேடிப் படித்து, எங்கள் ஊருக்குத் தக்கபடி தமிழில் எழுதிக் கொடுத்தேன். ‘ஓடுதளத்தில் முயல், கங்காரு இருக்கக்கூடாது’ என்று ஒன்றில் இருந்தது. அதை ஆடு, மாடு என்று மாற்றினேன். அதற்கே மெக்கானிக் ஒரு மாதம் என்னைக் கங்காரு என்று கூப்பிட்டார்.

எங்களுக்குக் கடற்கரையிலேயே பறக்கவிட ஆசைதான். நீலத் தண்ணீருக்கு மேலே ஒரு வெள்ளை இறக்கை போவதை நினைத்தாலே மனசு நிறையும். ஆனால் உச்சிப்புளிப் பக்கம் கடற்படை விமானங்கள் ஏறி இறங்குகிற இடம். போனில் வானத்தின் வரைபடத்தைத் திறந்தால் ராமேஸ்வரம் வரைக்கும் பறக்கத் தடை என்று சிவப்பாகக் கிடக்கும். அதனால் ஆர்.எஸ்.மங்கலத்தைத் தாண்டி, வரைபடம் பச்சையாக இருக்கும் ஓர் ஊரில் கேட்டுக் கெஞ்சி, தண்ணீர் வற்றிய மாதங்களில் மட்டும் கண்மாய்க்குள் இடம் பிடித்தோம். பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த களிமண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, தண்ணீர் நிரப்பிய டிரம்மை உருட்டி, நாங்களே ஒரு ஓடுதளம் போட்டோம். மாட்டை மிரட்டக்கூடாது, கருவேலமரத்தில் சிக்கினால் அரிவாளை நாங்களே கொண்டுவர வேண்டும் என்று இரண்டே நிபந்தனைகள்தான் ஊரார் போட்டார்கள்.

காக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழக்கரைக்காரர். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மூத்த அண்ணனைக் காக்கா என்பார்கள். கிளப்பில் எங்கள் எல்லோருக்கும், அவரைவிடப் பெரியவரான டீச்சருக்கும்கூட, அவர் காக்காதான். தம்மாமில் நான்கு பேர் தங்கும் அறையில், தன் கட்டிலில் பலகையைப் போட்டு, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக ஒரு விமானம் கட்டினார். பால்சா மரம், இரண்டு மீட்டர் இறக்கை, மேலே மஞ்சள் தாள். இரண்டு வருடம் ஆனது. அதைக் கழற்றி டிவி பெட்டிக்குள் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் பெட்டிக்குள் என்ன என்று கேட்டபோது, மனிதர் யோசிக்காமல் ‘ஏரோப்ளேன்’ என்று சொல்லிவிட்டார். ஏரோப்ளேனுக்குள் ஏரோப்ளேனா என்று பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு குச்சியையும் எடுத்துப் பார்த்தார்களாம்.

ஊருக்கு வந்த பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. ஒரு நிக்காஹ், துக்கம் கேட்க ஒரு மையத்து வீடு, பத்திரப்பதிவு, அவருக்கே ஒரு காய்ச்சல். இதுதான் கடைசி ஞாயிறு. செவ்வாய்க்கிழமை அவர் திரும்பிப் போகிறார். மறுபடி வர இரண்டு வருடம் ஆகும். இன்றைக்கு அது ஏறவில்லையென்றால், அல்லது ஏறி உடைந்துபோனால், அவ்வளவுதான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அன்றைக்குக் கூடுதலாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம்.

அவருடைய மனைவியை நாங்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். அக்கா என்பதற்கு அவர்கள் வீடுகளில் சொல்கிறபடி லாத்தா என்று கூப்பிட்டோம். காரின் பின்கதவைத் திறந்து போட்டு, பெரிய டிபன் கேரியரைப் பிரித்துக்கொண்டே, “இதுக்குத்தானா வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம எம் போன எடுக்கல?” என்றார்.

“எடுத்தேன்ல.”

“எடுத்தீங்க. ‘பசை காயுது, அப்புறம் பேசுறேன்’டு வச்சீங்க.”

மெக்கானிக் இறக்கையைப் பொருத்திக்கொண்டிருந்தார். “விடுங்க லாத்தா. எங்க வீட்லயும் நான் எஞ்சின் கூடத்தான் குடித்தனம் நடத்துறேன்னு கேஸு.”

பேட்டரிகளை மண்சட்டிக்குள் மணல் போட்டு, அதில் புதைத்து வைத்திருந்தோம். அடிபட்ட பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம் என்பதால் அப்படி. லாத்தா அதை எட்டிப் பார்த்துவிட்டு, “சட்டிக்குள்ள என்ன கருவாடா?” என்று கேட்டார். டீச்சர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த இறக்கை ஸ்க்ரூ ஒன்று மண்ணில் விழுந்து, கால் மணி நேரம் எல்லோரும் மண்டியிட்டுத் தேடினோம்.

பறப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. அதை நான்தான் சொல்ல வேண்டும். எங்கள் கிளப்பில் முதல் பாடம் விமானத்தை ஏற்றுவது அல்ல, கொடுப்பது. மெக்கானிக் கொண்டுவந்த வழக்கம் அது. கடலில் வலை அடிப்பாறையான பாரில் மாட்டிக்கொண்டு போட் ஒருபக்கம் சாயும்போது, வலையை அறுத்துவிடச் சொல்லி, ‘கொடுத்துரு!’ என்று கத்துவார்களாம். கடலுக்குக் கொடுத்துவிடு, ஆள் பிழைக்கட்டும் என்று அர்த்தம். எங்களிடமும் அதே சொல்தான். விமானம் ஆள் இருக்கிற பக்கம் போகிறது என்றால் கொடிக்காரர் ‘கொடுத்துரு’ என்று கத்துவார். ஓட்டுகிறவர் அதைக் காப்பாற்றப் பார்க்கக்கூடாது. ஆள் இல்லாத பக்கமாகத் திருப்பி மண்ணில் குத்திவிட வேண்டும். இதற்கென்றே பழைய தெர்மாகோல் விமானம் ஒன்று, உடம்பெல்லாம் டேப் ஒட்டி வைத்திருக்கிறோம். புதிதாக வருகிறவர் எல்லோரும் அதை வேண்டுமென்றே ஒருமுறையாவது குத்த வேண்டும். நான் சேர்ந்த அன்று, வாழ்க்கையில் முதல்முறை ரிமோட்டைப் பிடித்த கையோடு விமானத்தை உடைக்கச் சொன்னார்கள். வீட்டில் போய்ச் சொன்னபோது அய்யா, “ஒடைக்கிறதுக்கு எதுக்குலே பஸ் ஏறிப் போற? அத இங்கனயே செய்யலாமே” என்றார்.

காக்கா அந்தப் பாடத்தைப் படித்ததில்லை. அவர் தம்மாமிலேயே ஓட்டப் பழகியவர். “காக்கா, ஒரே ஒரு தடவ தெர்மாகோல்ல கொடுத்துப் பாத்துருங்க” என்றேன்.

“நாளக்கழிச்சுப் போறவன்ட்ட இப்பவா பாடம் நடத்துவ?”

“எழுதியிருக்கு காக்கா.”

“நீ எழுதுனதுதானடா!”

டீச்சர் தெர்மாகோல் விமானத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். இருபத்தைந்து வருடம் பிளஸ் டூ பிள்ளைகளைப் பார்த்த கண் அது. அதற்கு எதிராகப் பேச முடியாது. காக்கா ஏற்றினார். நான் ‘கொடுத்துரு’ என்று கத்தினேன். விமானம் மூக்கைக் கீழே போட்டு இறங்கியது. தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் தானாக மேலே போய்விட்டது. மறுபடி கத்தினேன். மறுபடியும் அதே கதைதான்.

“கை கேக்க மாட்டேங்குதுடா தம்பி” என்றார் காக்கா. அவருக்கே வெட்கமாக இருந்தது. “குத்தணும்னு நெனைக்கிறேன். வெரலு இழுத்துருது.”

லாத்தா காரிலிருந்து, “காலையில எந்திரிக்கிறதும் இப்படித்தான்!” என்று குரல் கொடுத்தார்.

மூன்றாவது தடவை எப்படியோ குத்திவிட்டார். ஆனால் அது குத்தியது மாதிரி இல்லை. பாவம் பார்த்துப் படுக்க வைத்தது மாதிரி இருந்தது. டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கொடிக்காரன், நான்தான் சொல்ல வேண்டும். போதாது என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் குத்தியதாகத்தான் கணக்கு. ஓடுதளத்தைப் பார்த்தேன், காலி. கரையோரம் மேய்ந்த மாடுகள் தூரத்தில் இருந்தன. வடக்குப் பக்கம், கயிறு கட்டியிருந்த எல்லைக்கு அந்தாண்டை, ஊர்ப் பெண்கள் மிளகாய் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வழக்கமாக அங்கேதான் இருப்பார்கள். நாங்கள் அந்தப் பக்கம் பறப்பதில்லை. அவர்களும் இந்தப் பக்கம் வருவதில்லை. தூக்கியிருந்த கொடியை இறக்கினேன், ஏற்றலாம் என்று.

“கொண்டல் ஏறிருச்சு காக்கா. கெழக்க பாத்து விடுங்க” என்றார் மெக்கானிக். கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றுக்குக் கடலில் போகிறவர்கள் வைத்திருக்கும் பெயர் கொண்டல். கிளப்பில் எங்களுக்கும் அதே பெயர்தான்.

காக்கா ஸ்டிக்கை ஆட்ட, மெக்கானிக் வாலுக்குப் பின்னால் உட்கார்ந்து, இறக்கையும் வாலும் சரியாக அசைகின்றனவா என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொன்னார். எல்லாம் சரி. காக்கா ‘பிஸ்மில்லா’ என்றார்.

மஞ்சள் விமானம் கொஞ்ச தூரம் துள்ளித் துள்ளி ஓடியது. பிறகு துள்ளலுக்கும் துள்ளலுக்கும் நடுவில் ஒருமுறை தரைக்குத் திரும்பாமலே போய்விட்டது. எப்போது ஏறியது என்று எங்களுக்கே தெரியவில்லை. டீச்சர், “போயிருச்சு, போயிருச்சு, போயிருச்சு” என்றார். பிளஸ் டூ வகுப்பில் இயற்பியல் நடத்துகிற குரலாக அது இல்லை.

வெயிலில் அந்தத் தாள் இறக்கைக்குள் இருந்த குச்சிகள் எல்லாம் நிழலாகத் தெரிந்தன. ஒவ்வொரு குச்சியும் ஒரு வெள்ளிக்கிழமை. கரைக்கு மேலே ஒரு வட்டம். பிறகு எங்கள் முன்னால் தாழ்வாக ஒரு நேர்க்கோடு. அது போகும்போது கேட்ட சத்தம் தேனீச் சத்தத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். லாத்தா காரைவிட்டு இறங்கி, கையில் கரண்டியோடு எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். விமானம் மூன்றாவது வட்டத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டபோது, “ஏங்க, இத நீங்களாங்க செஞ்சீங்க?” என்றார்.

“பின்ன? பசை காஞ்சுச்சுல்ல” என்றார் காக்கா, வானத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

மெக்கானிக் விசில் அடித்தார். நானும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் கொடிக்காரன் வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. அதனால் அவ்வப்போது வலுக்கட்டாயமாகக் கழுத்தைத் திருப்பி ஓடுதளத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் காலியாகத்தான் இருந்தது.

நேரம் முடிந்ததென்று ரிமோட் கூவியது. பேட்டரி தீரப் போகிறது. காக்கா ‘இறங்குது!’ என்று கத்திச் சொல்லிவிட்டு, மேற்கே போய்த் திரும்பி, கொண்டலுக்கு எதிராக ஓடுதளத்தை நோக்கி வந்தார். அழகான இறக்கம். மோட்டாரை நிறுத்திவிட்டார். சத்தமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

நான் கழுத்தைத் திருப்பினேன். வத்தல் களத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஓடுதளத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

கயிற்றைத் தூக்கிக் குனிந்து வந்திருக்கிறார்கள். விமானம் மேற்கே போன அந்த ஒரு நிமிடத்துக்குள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வெயிலுக்குக் கையைக் கண்மேல் வைத்து, அது எங்கே என்று மேலே தேடிக்கொண்டிருந்தார்கள். அது மேலே இல்லை. அவர்கள் மார்பு உயரத்தில் நேராக வந்துகொண்டிருந்தது.

“காக்கா, ஆளு!” என்றேன். அவர் மோட்டாரை முடுக்கிப் பார்த்தார். பேட்டரியில் உயிர் இல்லை. ப்ரொப்பெல்லர் ஒரு முனகு முனகிவிட்டு நின்றது. மூக்கைக் கொஞ்சம் தூக்கி அவர்கள் தலைக்கு மேலே மிதக்கவிட்டுவிடலாம் என்று அவருடைய கை நினைத்திருக்கும். மிதந்தால் தப்பிக்கும். மிதக்காவிட்டால் யாராவது ஒருத்தியின் முகம். நான் கொடியைத் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினேன்.

“கொடுத்துரு!”

“சரி, கொடி” என்றார் காக்கா.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒருவர் தண்ணீர் கேட்டால் ‘இந்தா’ என்போமே, அப்படி. அடுத்த நொடி விமானம் இடது இறக்கையைக் கீழே போட்டுச் சட்டென்று வடக்கே திரும்பியது. அந்தப் பெண்களைத் தொடாமல், அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய், ஆள் இல்லாத பக்கத்தில் குத்தியது. கண்மாய்க்குள் அந்த நேரத்தில் ஆளே இல்லாத ஒரே இடம் அவர்கள் விட்டுவிட்டு வந்திருந்த வத்தல் களம்தான்.

உடையும் சத்தத்துக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன். கேட்டது வேறு. உலர்ந்த வத்தலுக்குள் ஒரு மூட்டையைப் போட்ட மாதிரி ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். பிறகு சிவப்பாக ஒரு புகை எழுந்து, கொண்டலில் ஏறி மேற்கே போனது.

காக்கா ரிமோட்டைக் கீழே வைத்தார். முதலில் கேட்டது, “ஆளுகளுக்கு ஒன்னுமில்லயே?” என்றுதான்.

“நாங்க நல்லாத்தான் நிக்கிறோம்” என்றார் முன்னால் நின்ற பெரிய மனுஷி. களத்தின் சொந்தக்காரி அவர்தான். இன்னமும் கை கண்மேலேயே இருந்தது. “அதத்தான் காணோம். எங்கன போச்சு?”

“உங்க வத்தலுக்குள்ள போச்சு ஆத்தா” என்றார் மெக்கானிக்.

ஓடினோம். களத்துக்குப் பத்தடி முன்னாலேயே தும்மல் ஆரம்பித்தது. டீச்சர் தும்மினார், நான் தும்மினேன், மெக்கானிக் குனிந்து நிமிர்ந்து தொடர்ந்து தும்மிக்கொண்டே இருந்தார். தரம் பிரித்துக் குவித்து வைத்திருந்த குண்டு மிளகாய்க் குவியலுக்குள் மஞ்சள் விமானம் மூக்கைப் புதைத்து, இரை தேடும் வாத்து மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. காக்கா மண்டியிட்டு, இரண்டு கையாலும் வத்தலை விலக்கி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அதைத் தூக்கினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மிளகாயா வேறு ஏதாவதா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ப்ரொப்பெல்லர் போயிருந்தது. மூக்கில் தாள் கிழிந்திருந்தது. இறக்கை முழுசாக இருந்தது. வால் முழுசாக இருந்தது. உடம்பை லேசாக அமுக்கிப் பார்த்தார், முழுசாக இருந்தது.

“காஞ்ச தரையில குத்தியிருந்தா குச்சிதான் பொறக்கியிருப்போம். மெத்தையில விழுந்துருக்கு!” என்றார் மெக்கானிக்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் லாத்தா. பிறகு அந்தப் பெரிய மனுஷியின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா?” என்றார்.

“எனக்கென்ன தாயி ஆகுது? கொக்கு மாதிரி போகுதே, கிட்டப் போயிப் பாப்பம்னு இவளுகதான் இழுத்துட்டு வந்தாளுக.”

“யாரு, நாங்களா?” என்று பின்னாலிருந்து ஒருத்தி பாய்ந்தாள். “‘ஏட்டி, வாங்கடி, எறங்கப் போகுது’ன்னு மொதல்ல கயித்தத் தூக்குனது யாரு?”

அந்தச் சண்டையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்ததில் மறுபடி தும்மினார்கள். கயிற்றைத் தாண்டக் கூடாது என்று நான் அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். ஓட்டுகிறவர், வருகிற தூரம், நிற்காத விமானம் என்று ஒவ்வொன்றாக, விதிகளில் உள்ளபடி சொன்னேன். பெரிய மனுஷி முழுதையும் கேட்டுவிட்டு, “சரிப்பா. இத நீ கயித்துக்கு அங்கிட்டு வந்து நேத்தே சொல்லியிருந்தா?” என்றார். எங்கள் விதிகளெல்லாம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்காக மட்டும் எழுதப்பட்டவை. அடுத்த வாரத்திலிருந்து, முதல் விமானம் ஏறுவதற்கு முன்னால் கொடிக்காரர் களத்துக்குப் போய், இன்றைக்குப் பறக்கிறோம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும், அவர்களும் பார்ப்பதற்குத் தெற்குப் பக்கத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்று டீச்சர் அங்கேயே முடிவு செய்தார்.

மெக்கானிக் பையிலிருந்து மாற்று ப்ரொப்பெல்லரை எடுத்துவிட்டார். “காத்தாடிய மாட்டி இன்னொரு சுத்து சுத்தவா காக்கா?”

காக்காவின் முகத்தில் ஆசை அப்படியே தெரிந்தது. நான் கொடியைத் தூக்கினேன். உள்ளே எந்த ஒட்டு விட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

“சரி, கொடி” என்றார் அவர். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே. “பறந்துருச்சுல்ல. போதும். நீங்க ஒட்டிப் பறக்கவிடுங்க, நான் அங்கனயிருந்து போன்ல பாத்துக்கிறேன்.”

“வெள்ளிக்கிழம மட்டும் வேணாம். அன்னிக்கு எம் போன எடுக்கணும்” என்றார் லாத்தா.

நசுங்கின வத்தலை யார் வாங்குவார்கள், விட்டுவிடுங்கள் என்றுதான் பெரிய மனுஷி சொன்னார். டீச்சர் விடவில்லை. நசுங்கியதையும் மண் கலந்ததையும் தனியாக அள்ளச் சொல்லி, தராசில் நிறுத்து, சந்தை விலைக்கே வாங்கினோம். லாத்தா அதைப் புடைத்துச் சுத்தம் செய்து, பாதியைத் தம்மாம் பெட்டிக்கு என்று கட்டிக்கொண்டார். டீக்கடை சைக்கிள் கரைமேல் வந்தபோது, களத்தில் இருந்தவர்களும் நாங்களுமாகச் சேர்ந்து நின்று குடித்தோம். குடித்துக்கொண்டே அந்தக் குட்டிக்கரணத்தை ஆளுக்கு ஒரு விதமாகக் கையால் போட்டுக் காட்டினோம். அன்றைய செலவு: நான்கு கிலோ வத்தல், ஒரு ப்ரொப்பெல்லர், எல்லோருக்கும் டீ, ஆக மொத்தம் ஆயிரத்து நானூற்று எண்பது ரூபாய்.